கறுப்புத் தாளில் சாம்பல் எழுத்து

எங்கள் அலுவலகத்து அக்காவிடம் ஆறுதல் தேடிப் போய், ஆறுதலோடு திரும்பியவர் யாரையும் எனக்குத் தெரியாது. அதிகம் போன ஆள் நான்தான். சிலருக்கு முத்திரை சேர்ப்பது பொழுதுபோக்கு, சிலருக்குக் கிரிக்கெட். எனக்குப் பயப்படுவது. மழை பெய்தால் மண் சரியும் என்று பயம். மழை நின்றால், ஏன் நின்றது என்று பயம்.

"பயமா இருக்குக்கா" என்று அவர் மேசைப் பக்கம் போய் நின்றால், வாயில் ஒதுக்கியிருக்கும் இஞ்சி டொபியை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "சரி, நீ பயந்த மாதிரியே நடந்திருச்சின்னு வையி. அப்புறம்?" என்பார். நாம் அப்புறத்தைச் சொல்வோம். "அப்புறம்?" அதற்கும் அப்புறத்தைச் சொல்வோம். "அப்புறம்?" இப்படியே கையைப் பிடித்துக் கூட்டிப் போவது போலக் கூட்டிப்போய், சொல்ல ஒன்றுமில்லாத ஓர் இடத்தில் நம்மை நிறுத்திவிடுவார். பயம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பயப்படுவதற்கான சரக்கு தீர்ந்துவிடும், அவ்வளவுதான்.

ஹட்டனில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில், எங்கள் அலுவலகம். தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா கட்டிக் கொடுக்கும் சின்ன அமைப்பு. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. எழுத்து வேலைக்கு நாங்கள் இரண்டு பேர், நானும் அக்காவும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருவதைத் தமிழாக்கி, இணையத்தில் திறந்து எழுதும் பக்கங்களில் அடித்து வைப்போம். கொழும்பில் இருக்கும் எங்கள் மேலதிகாரி, சேர், அங்கிருந்தபடியே திறந்து பார்ப்பார். முழு அலுவலகத்துக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே லயத்தில் எல்லோருக்கும் ஒரே தண்ணீர்ப் பைப் இருப்பது போல. யார் எதைத் திருகினாலும் எல்லா வீட்டுக்கும் தெரியும். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் உதவும்.

அக்கா வட்டகொடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கபில நிறத்தில் ஒரு சுவெட்டர், வெயில் கொளுத்தினாலும் கழற்ற மாட்டார். ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். கணினித் திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார், அவர் என்ன அடிக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அடித்து முடித்ததும் என்னைக் கூப்பிடுவார்.

"வாசி தம்பி. காதால கேட்டாத்தான் பிழை தெரியும்."

நான் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பின்னேரம் பஸ் ஸ்டாண்டிலும் இதே கதைதான். பஸ் வந்து நின்றால், "எங்க போறதுன்னு வாசி" என்பார்.

"ஏன்க்கா, நீங்க வாசிக்க மாட்டீங்களா?"

"நீ வாசிக்கிற அழகுக்குத்தான் பஸ்ஸே நிக்குது. வாசி."

நானும் ஊர்ப் பெயர்களை வாசிப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அவருடைய "அப்புறம்?" எல்லா நேரமும் சிரிப்பாக இருக்காது. அலுவலகம் கூட்டி, டீ ஊற்றிக் கொடுக்கும் அம்மாவின் மகன் கட்டாரில் வேலை செய்தான். ஒரு தடவை பல நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. அந்த அம்மா டீக் கேத்தலை வைத்துவிட்டு அழத் தொடங்கினார். அக்கா அவர் முகத்தைப் பார்த்து, "என்ன ஆயிருக்கும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"ஏதாச்சும் அடிபட்டு கிடக்கானோ என்னமோம்மா."

"சரி. அப்புறம்?"

"செத்துகித்து போயிருந்தான்னா?"

"அப்புறம்?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு தாயிடம் கேட்கிற கேள்வியா இது? அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, அக்காவை அடிக்கப் போவது போலப் பார்த்தார். "அப்புறம் என்ன? இந்தக் கேத்தலத் தூக்கிகிட்டு நாளைக்கும் வரணும். மத்த ரெண்டும் திங்கணுமில்ல?" என்றார். அக்கா தலையாட்டினார். "அதுதான் அடி. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. இப்ப அவன் நம்பரு, கூட்டிப்போன ஏஜென்சி நம்பரு, ரெண்டையும் குடுங்க." அன்று முழுக்க அவர் வேறு வேலை பார்க்கவில்லை. சிங்களத்தில் கெஞ்சினார், தமிழில் திட்டினார், ஆங்கிலத்தில் பொய் சொன்னார். பின்னேரம் மகன் பேசினான். போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். அந்த அம்மா அதற்குப் பிறகு ரொம்ப நாள் அக்காவுக்கு மட்டும் சீனி குறைத்து டீ கொடுத்தார். அக்கா அதையே குடித்தார்.

இனி என் கண் கதைக்கு வருகிறேன்.

அந்த வருடம் எனக்கு வெள்ளைப் பக்கம் ஆகாமல் போனது. திரையைத் திறந்தால் டோர்ச் லைட்டை முகத்துக்கு நேரே பிடித்தது போல இருக்கும். எழுத்துகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். மதியத்துக்குள் மண்டை பிளக்கும். போனில் தேடிப் பார்த்தேன். கண்ணில் வரக்கூடிய எல்லா வியாதியும் எனக்கு இருந்தது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் வரும் ஒன்றுகூட அநேகமாக இருந்தது.

அதே நேரத்தில்தான் சேர் கொழும்பிலிருந்து எங்கள் இருவரிடமும் பேசினார். "வர்ற வருஷம் எழுத்து வேலைக்கு ஒரு ஆள்தான் வச்சிக்க முடியும் போல. யாருன்னு இன்னும் யோசிக்கல" என்றார். நான் யோசித்துவிட்டேன். குருடனை எவன் எழுத்து வேலைக்கு வைப்பான்? அக்காவிடம் போய் நின்றேன்.

"கண்ணு போகப் போகுதுக்கா."

"சரி. அப்புறம்?"

"வேலை போயிரும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ரயில்ல பாட்டுப் பாடி பிச்சை எடுக்க வேண்டியதுதான்."

"உனக்குத்தான் பாட வராதே. அப்புறம்?"

"நான் பாடுனா சனமெல்லாம் அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கி ஓடிரும்."

"பாரு, நின்னுகிட்டு வர்ற பாவப்பட்டதுகளுக்கு சீட்டு கெடைக்கும். புண்ணியந்தானே? நகரு, உன் கம்ப்யூட்டரக் காட்டு."

என் நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே இருக்கும் பட்டியலைத் திறந்து, கீழே கீழே போய், பக்கத்தின் அளவு, ஓரம் எல்லாம் மாற்றும் ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். பக்கத்தின் நிறம் என்று அதில் ஒன்று இருந்தது. இத்தனை வருடமாக எழுதுகிறேன், தாளுக்கு நிறம் மாற்றலாம் என்று எனக்குத் தெரியாது. கறுப்பைத் தொட்டார். பக்கம் கறுத்தது. நான் காலையிலிருந்து அடித்து வைத்திருந்த அத்தனையும் மறைந்தது.

"ஐயோ அக்கா! எல்லாம் போச்சி!"

"எங்கயும் போகல. கறுப்பில கறுப்பு நிக்குது. கத்தாத."

எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் பிடித்து, எழுத்தின் நிறத்தை மாற்றினார். அமாவாசை இரவில் லயத்து விளக்குகள் எரிவது போல, எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நான் வெள்ளை கேட்டேன், அவர் மறுத்துவிட்டார்.

"சுத்த வெள்ளை வைக்காத. கொஞ்ச நேரத்தில எழுத்தோட ஓரமெல்லாம் கலங்கிப் போகும். சாம்பல் வையி. லைட்டையும் குறைச்சிக்க."

இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும் என்று அன்று நான் கேட்கவில்லை. எனக்கு என் கண்ணைப் பற்றி யோசிக்கவே நேரம் போதவில்லை.

எழும்பும்போது அவர் இன்னொரு காரியமும் செய்தார். "நீ தினம் தினம் இத மாத்த மாட்ட. மறந்துட்டு மறுபடி வந்து ஒப்பாரி வைப்ப" என்று சொல்லி, இனிமேல் திறக்கும் எல்லாப் பக்கமும் இப்படியே இருக்கட்டும் என்கிற ஒரு பொத்தானையும் அமுக்கிவிட்டுப் போனார். ஒரே கணக்கு, ஒரே தண்ணீர்ப் பைப் என்பது அந்த நேரம் எங்கள் இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதிய முதல் பக்கம், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் புதிதாகக் கட்டிய பிள்ளைக் காம்பராவின் திறப்பு விழா நோட்டீஸ். நடுவில் சேரின் படம். சேருக்குத் தன் படம் பிடிக்கும். மேலே அவர் பெயர், கீழே நாள், நேரம், அனைவரும் வருக. சேர் அதைத் தன் போனில் பார்த்தார். அவருடைய போன் எப்போதும் கறுப்பு மயமாகத்தான் இருக்கும். அதனால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. "நல்லாயிருக்கு, அச்சுக்குக் குடுங்க" என்றார். பக்கத்தின் இணைப்பை ஹட்டன் பஸாரில் அச்சகம் வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் அடித்து, கட்டுக் கட்டி, நேராகத் தோட்டத்துக்கு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கண்ணுக்கு இதமாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில், அந்தக் கறுப்பு என் திரைக்கு மட்டும் பூசிய மை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

விழாவன்று சேரின் வேனில் மூன்று பேரும் போனோம். உடப்புசல்லாவையைத் தாண்டித் தோட்டத்துப் பாதையில் திரும்பியதும், இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடி. தேயிலைச் செடிகளுக்கு மேலே நூல் கட்டி, வளைவுக்கு வளைவு வெள்ளைக் கொடி.

சேர் கண்ணாடியை இறக்கினார். "யாரோ பெரிய ஆளு தவறிட்டாரு போல. நல்ல மனுஷனாத்தான் இருக்கணும். இவ்வளவு தூரம் கட்டியிருக்காங்களே" என்றார். "ஆமா சேர், பாவம்" என்றேன் நான்.

அடுத்த வளைவில், தண்ணீர்த் தாங்கியின் சுவரில், அந்தப் பாவப்பட்டவரின் படம் இருந்தது. கறுப்புத் தாள், சாம்பல் எழுத்து, நடுவில் சேர் சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் கறுப்பு நோட்டீஸ் என்றால் சாவு நோட்டீஸ்தான், அதை யாரும் நின்று வாசிப்பதில்லை. தூரத்திலிருந்து படத்தைப் பார்ப்பார்கள், தலையில் கையை வைத்துக்கொள்வார்கள், கொடிக்குத் துணி கிழிக்கப் போவார்கள். வாசித்த ஒன்றிரண்டு பேரும், விழா நாளும் பார்த்து மனுஷன் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்றுதான் நினைத்தார்களாம். அன்று காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கூடிய ஆட்கள் யாரும் மலைக்குப் போகவில்லை. தோட்டத் தலைவர் மேற்பார்வையில் தப்புக்காரர்கள் தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சிச் சாவுக் கொட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேன் போய் நின்றது. சேர் இறங்கினார். தலைவர் அவரைப் பார்த்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார்.

"சேர்... நீங்களா? அப்ப செத்தது யாரு?"

ஒருவரும் சிரிக்கவில்லை. தப்புக்காரர்களில் ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று சாவுக் கொட்டை நிறுத்திவிட்டு வரவேற்புக் கொட்டுக்கு மாறினார். மாலை அதே மாலைதான். ஓர் அம்மா ஓடி வந்து சேரின் கன்னத்தை இரண்டு கையாலும் தடவி, "ஆயுசு கூடிருச்சி ஐயா, இனிமே உங்களுக்கு ஒண்ணும் வராது" என்று சொல்லி அழுதார். சேருக்கும் கண் கலங்கியது. பாதை நெடுக இருந்த கொடிகளை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவரை எங்கள் பக்கத்துக்குத் திருப்ப வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த அத்தனை சாமியையும் கும்பிட்டேன். சாமிகளுக்கு அன்று விடுமுறை.

ரிப்பன் வெட்டியதும் சேர் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். புதுச் சுண்ணாம்பு வாசம், பிள்ளைகள் இன்னும் வராத வெறும் தொட்டில்கள்.

"யாரு கறுப்பாக்கினது?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

"நான்தான் சேர்."

"ஏன்?"

"வெள்ளைப் பக்கம் கண்ணுக்கு ஆகல. ரொம்ப நாளாவே ஆகல. கறுப்பாக்கினாத்தான் கொஞ்சமாவது தெரியுது. ஒரு பொத்தான அமுக்கிட்டேன், அது எல்லாப் பக்கத்துக்கும் போயிருச்சி."

"கண்ணு சரியில்லன்னா சொல்லியிருக்கலாமே?"

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "சொன்னா? அப்புறம்?"

சேர் ஒரு தொட்டிலை லேசாக ஆட்டிவிட்டு, அது ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆள்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று அவர் சொன்னது அந்த அறையில் எங்கள் மூவருக்கும் ஞாபகம் இருந்தது.

"சேர், கண்ணு சரியில்லாதது அவங்களுக்கு இல்ல. எனக்குத்தான்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு எல்லாத்துக்கும் விளையாட்டு" என்றார் சேர்.

வருடக்கணக்காக எல்லோரையும் சிரிக்க வைத்ததற்குக் கிடைத்த கூலி அது. நான் அழுதிருந்தாலும் நல்ல நடிப்பு என்று சொல்லியிருப்பார்.

அடுத்த வாரமே நுவரெலியாவில் கண் டாக்டரிடம் போனேன். மனைவியிடம் கடைசி வார்த்தை மாதிரி சிலவற்றைச் சொல்லிவிட்டுத்தான் போனேன். டாக்டர் என் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளெழுத்து. வயசாகுதில்லையா? கண்ணாடி போடுங்க" என்றார். "வேற?" என்றேன். "வேற ஒண்ணும் இல்ல" என்றார். "நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த வருட முடிவில் வேலையில் இருந்தது நான். அக்கா நல்லதண்ணியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறும் காலத்தில் தங்கச்சி அங்கே கடை போடுகிறார். அக்கா கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மலையேறப் பயப்படுகிறவர்களிடம் "அப்புறம்?" கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. என் கண்ணாடி நன்றாகத்தான் வேலை செய்கிறது. வெள்ளைப் பக்கம் இப்போது என்னை ஒன்றும் செய்வதில்லை. இருந்தாலும் இதைக் கறுப்புப் பக்கத்தில், சாம்பல் எழுத்தில்தான் அடிக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் யாராவது வெளுத்துவிடுங்கள்.

ஆனால் எனக்கு இன்னும் ஞாபகத்தில் நிற்பது விழா முடிந்து திரும்பிய பயணம்தான். சேரின் வேன் கொழும்புக்குப் போய்விட்டது. நாங்கள் பஸ்ஸில் ஏறினோம். முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று நான்தான் வாசித்தேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். பஸ் மேலே ஏற ஏறப் பனி மூடிக்கொண்டு வந்தது.

"எனக்காக இப்பிடி ஒரு பொய்யச் சொல்லியிருக்க வேணாம்க்கா" என்றேன்.

"பொய்யின்னு யாரு சொன்னா?"

இஞ்சி டொபியின் தாளைப் பிரித்தார். பிரிக்கும்போது பார்க்கவில்லை, விரலால் தடவித்தான் பிரித்தார். அவர் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறதாம். கண்டியில் காட்டியிருக்கிறாராம். மருந்து இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்குமாம், போனதைத் திருப்பித் தராதாம். தன் பக்கங்களைக் கறுப்பாக்கித்தான் அடிப்பாராம், முடித்ததும் வெள்ளையாக்கி வைத்துவிடுவாராம். சுவர்ப் பக்கம் திருப்பிய திரை, வாசி தம்பி, பஸ்ஸின் பெயர் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் மடியில் விழுந்தன.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையை நான் செய்யத் தொடங்கினேன்.

"ஐயோ அக்கா, கொழும்புக்குப் போவோம், பெரிய ஆஸ்பத்திரியில காட்டுவோம். அங்கயும் முடியாதுன்னுட்டா? நீங்க தனியா எப்பிடி பஸ் ஏறுவீங்க? சமைக்கிறப்ப அடுப்பு பட்டுட்டா? படியில தவறிட்டா?"

நிறுத்தினேன். அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. அவர் அதைக் கேட்காமல் விட்ட ஒரே தடவை அதுதான். பஸ் ஒரு வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டே திரும்பியது.

கடைசியில் நானே கேட்டேன். "அப்புறம்க்கா?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வெளிய என்ன தெரியுது? பாத்துச் சொல்லு."

கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மலை இல்லை, தேயிலை இல்லை, பள்ளம் இல்லை, பாதையின் ஓரம்கூட இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை.

"ஒண்ணுமே தெரியலக்கா. பனிதான்."

"எனக்கும் அதேதான் தெரியுது" என்றார் அக்கா. "டிரைவருக்கும் அதேதான் தெரியும். ஓட்டிகிட்டுத்தானே போறான்."